உருப்படிக் கண அடைவு

உருப்படிக் கண அடைவு என்பது பாகுபடுத்தி உருவாக்கிகளில் நடைபெறும் அடிப்படைக் கணிப்புகளுள் ஒன்றாகும். ஒரு நிரல்மொழியின் இலக்கணத்தை உள்ளீடாகப் பெற்று, அம்மொழிக்குரிய பாகுபடுத்தியைத் தானே ஆக்கித் தரும் மென்பொருள் பாகுபடுத்தி உருவாக்கி எனப்படும். யாக், பைசன் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவை ஆக்கும் பாகுபடுத்தி, உள்ளீட்டின் ஓரிடத்தில் நிற்கும்போது அவ்விடத்தில் தொடங்கக்கூடிய இலக்கண விதிகள் யாவை என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அவ்விதிகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஒரு கணத்தில் சேர்ப்பதே அடைவு ஆகும்.

பள்ளிக் கணிதத்தில் வரும் அடைவுப் பண்பும் இதுவும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். இரு முழு எண்களைக் கூட்டினால் முழு எண்ணே கிடைக்கும். கணத்தை விட்டு வெளியேற இயலாது. அதுபோல, அடைவு கண்ட உருப்படிக் கணத்தின் மீது சேர்ப்பு விதியை எத்தனை முறை செலுத்தினாலும் புதிய உருப்படி எதுவும் கிடைக்காது.

தேவை

"மழை பெய்தால் குடையை எடு" என்னும் தொடரில் நிபந்தனை என்பதை உணர்த்தும் உறுப்பு நிபந்தனைக்குப் பின்னரே வருகிறது. ஆங்கிலத்தை அடியொற்றிய நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வந்துவிடுவதால், பாகுபடுத்தி எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தமிழ்ச் சொல்லொழுங்கைப் பின்பற்றும் நிரல்மொழியில் இந்த வசதி இல்லை. ஒரு கோவையைப் படித்து முடித்த பின்னரே, அது "ஆனால்" என்னும் நிபந்தனைக்கு உரியதா, "வரை" என்னும் சுழற்சிக்கு உரியதா என்பது தெரியவரும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009 ஆம் ஆண்டில் கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி இதற்கு நல்ல சான்று. அதில் நிபந்தனைக் கூற்று @ குறியுடன் தொடங்கும். அடைப்புக்குறிகளுக்குள் நிபந்தனை, அதன்பின் "ஆனால்", இறுதியில் "முடி" என்று அமையும். "வரை" சுழற்சியும் அதே @ குறியுடனேயே தொடங்குகிறது. பைத்தானில் எழுதப்பட்ட எழிலின் பாகுபடுத்தி, உருவாக்கி எதனாலும் ஆக்கப்பட்டதன்று. கையால் எழுதப்பட்ட மேலிருந்து கீழிறங்கும் வகையைச் சேர்ந்தது. அவ்வகைப் பாகுபடுத்தி எந்த விதிக்குள் நுழைகிறோம் என்பதை முதற்சொல்லைக் கண்டவுடன் தீர்மானிக்க விரும்பும். @ குறி "இனி வருவது கட்டுப்பாட்டுக் கூற்று" என்று அறிவித்து அந்த இடர்ப்பாட்டைப் பெருமளவு நீக்கிவிடுகிறது. எந்தக் கூற்று என்பது கோவை முடிந்தபின் வரும் சொல்லைக் கொண்டு தீர்க்கப்படுகிறது.

அக்குறி இல்லாமலே எழுத முடியுமா? முடியும். தீர்மானத்தைத் தள்ளிப்போடக்கூடிய பாகுபடுத்தி வேண்டும். எல்லா வாய்ப்புகளையும் ஒருசேர ஏந்திக்கொண்டு முன்னேற வேண்டும். எல்ஆர் வகைப் பாகுபடுத்திகள் செய்வது அதுவே. அவை உள்ளீட்டை இடமிருந்து வலமாகப் படித்து, வலக்கோடி வருவிப்பைத் தலைகீழாகக் கட்டுகின்றன. அவை ஏந்தும் வாய்ப்புகளின் பட்டியலே உருப்படிக் கணம்.

உருப்படி

எழிலின் போக்கைத் தழுவி, @ குறியை நீக்கி, விளக்கத்திற்காக மட்டும் அமைத்த சிறிய இலக்கணம் ஒன்றைக் கொள்வோம்.

(0) தொடக்கம் → கூற்று
(1) கூற்று → கோவை ஆனால் கூற்று முடி
(2) கூற்று → கோவை வரை கூற்று முடி
(3) கூற்று → பதிப்பி கோவை
(4) கோவை → கோவை + உறுப்பு
(5) கோவை → உறுப்பு
(6) உறுப்பு → எண்
(7) உறுப்பு → ( கோவை )

தொடக்கம், கூற்று, கோவை, உறுப்பு ஆகியவை மேலும் விரியக்கூடியவை. இவற்றை இடைக்குறிகள் என்போம். ஆனால், வரை, முடி, பதிப்பி, எண், கூட்டல் குறி, அடைப்புக்குறிகள் ஆகியவை உள்ளீட்டில் அப்படியே வருபவை, இவை இறுதிக்குறிகள்.

ஒரு விதியின் வலப்பக்கத்தில் ஏதேனும் ஓரிடத்தில் புள்ளி வைத்தால் கிடைப்பது உருப்படி. புள்ளிக்கு இடப்புறம் உள்ளது படித்து முடித்த பகுதி. வலப்புறம் உள்ளது இனி எதிர்பார்க்கும் பகுதி. "கோவை → கோவை + • உறுப்பு" என்பதன் பொருள், கோவையையும் கூட்டல் குறியையும் கண்டாயிற்று, இனி ஓர் உறுப்பு வரவேண்டும் என்பதாகும். வலப்பக்கத்தில் மூன்று குறிகள் இருந்தால் புள்ளிக்கு நான்கு இடங்கள் உண்டு. இவ்வாறு எண்ணினால் மேற்கண்ட எட்டு விதிகளுக்கும் மொத்தம் 27 உருப்படிகளே உள்ளன. இந்த எண்ணிக்கை முடிவுடையது என்பது பின்னர் பயன்படும்.

அடைவு காணும் முறை

விதி ஒன்றே ஒன்று: கணத்திலுள்ள ஓர் உருப்படியில் புள்ளிக்கு உடனடி வலப்புறம் ஓர் இடைக்குறி இருந்தால், அவ்விடைக்குறியை விரிக்கும் விதிகள் அனைத்தையும், புள்ளியைத் தொடக்கத்தில் இட்டு, கணத்தில் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். சேர்ப்பதற்கு எதுவும் எஞ்சாதபோது நிறுத்தலாம்.

"தொடக்கம் → • கூற்று" என்ற ஒற்றை உருப்படியிலிருந்து தொடங்குவோம். புள்ளிக்கு முன் கூற்று நிற்பதால் (1), (2), (3) ஆகிய விதிகள் சேரும். முதல் இரண்டிலும் புள்ளியை அடுத்து நிற்பது கோவை. ஆகவே (4), (5) சேரும். ஐந்தாம் விதியில் புள்ளிக்கு அடுத்து உறுப்பு. ஆகவே (6), (7) சேரும். அவற்றில் புள்ளியை அடுத்து இறுதிக்குறிகளே உள்ளன. மொத்தம் எட்டு உருப்படிகள்:

தொடக்கம் → • கூற்று
கூற்று → • கோவை ஆனால் கூற்று முடி
கூற்று → • கோவை வரை கூற்று முடி
கூற்று → • பதிப்பி கோவை
கோவை → • கோவை + உறுப்பு
கோவை → • உறுப்பு
உறுப்பு → • எண்
உறுப்பு → • ( கோவை )

இதுவே பாகுபடுத்தியின் தொடக்க நிலை. இதனை நிலை 0 என்போம்.

ஐந்தாவது வரியை ஒருமுறை கூர்ந்து நோக்க வேண்டும். அதில் புள்ளிக்கு அடுத்து மீண்டும் கோவையே நிற்கிறது. "கோவையை விரி, அதற்காகக் கோவையை விரி" என்று கண்ணை மூடிக்கொண்டு தன்னையே அழைக்கும் செயற்கூறாக இதனை எழுதினால் நிரல் ஒருபோதும் முடிவுறாது. இதே இடத்திலேதான் கையால் எழுதப்படும் கீழிறங்கும் பாகுபடுத்திகளும் இடறுகின்றன. அவற்றுக்காக இலக்கணத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. அடைவுக் கணிப்பில் அத்தகைய மாற்றம் தேவையில்லை. "ஏற்கனவே கணத்தில் உள்ளதா?" என்ற ஒரு வினா போதும். கணம் ஒவ்வொரு படியிலும் வளர வேண்டும் அல்லது நிற்க வேண்டும். 27 உருப்படிகளுக்கு மேல் வளரவும் இயலாது. ஆகவே கணிப்பு முடிவுறுவது உறுதி.

நிரலில் இதற்குப் பொதுவாக ஒரு பணிப்பட்டியல் வைக்கப்படும். புதிதாகச் சேர்ந்த உருப்படிகள் பட்டியலில் இடப்பட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஆராயப்படும். எந்த வரிசையில் எடுத்தாலும் இறுதியில் கிடைக்கும் கணம் ஒன்றே.

நிலைகளுக்கிடையே செல்லுதல்

ஒரு நிலையிலிருந்து ஒரு குறியைக் கடந்தால், அக்குறிக்கு முன் புள்ளி நிற்கும் உருப்படிகள் அனைத்திலும் புள்ளி ஓரிடம் வலப்புறம் நகரும். அவ்வாறு நகர்ந்தவை அடுத்த நிலையின் கரு உருப்படிகள். அக்கருவுக்கு அடைவு கண்டால் அடுத்த நிலை முழுமையாகும். நிலை 0 இல் கோவையைக் கடந்தால் கிடைப்பது:

கூற்று → கோவை • ஆனால் கூற்று முடி
கூற்று → கோவை • வரை கூற்று முடி
கோவை → கோவை • + உறுப்பு

மூன்றிலும் புள்ளிக்கு அடுத்து இறுதிக்குறிகளே உள்ளதால் அடைவு புதிதாக எதையும் சேர்க்காது. தமிழ்ச் சொல்லொழுங்கு எழுப்பிய சிக்கலுக்கு விடை இந்த மூன்று வரிகளில் உள்ளது. நிபந்தனையா, சுழற்சியா, கோவை இன்னும் நீளுமா என்று பாகுபடுத்தி இதுவரை எதையும் ஊகிக்கவில்லை. ஊகிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்த குறி "ஆனால்" எனில் ஒரு வழி, "வரை" எனில் மற்றொரு வழி. @ குறி ஆற்றிய பணியை இங்கு அடைவு ஆற்றிவிட்டது.

"ஆனால்" என்பதைக் கடந்தால் கருவில் உள்ளது ஓர் உருப்படியே: "கூற்று → கோவை ஆனால் • கூற்று முடி". புள்ளிக்கு அடுத்து கூற்று நிற்பதால், அடைவு மேலும் ஏழு விதிகளை உள்ளே கொண்டுவரும். ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனையோ சுழற்சியோ வரலாம் என்பதை யாரும் தனியாக எழுதிவைக்க வேண்டியதில்லை. இவ்வாறு எல்லா நிலைகளையும் கண்டால், இச்சிறு இலக்கணத்திற்கு நிலை 0 முதல் நிலை 17 வரை 18 நிலைகள் கிடைக்கின்றன. தாளில் செய்து பார்க்கும் மாணவர் இந்த எண்ணுடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

முரண் நிலை

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் வண்டிகளுள் சில கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும்; சில அதற்கு அப்பால் சூலூர்ப்பேட்டை வரை செல்லும். திருவொற்றியூர் நடைமேடையிலோ எண்ணூர் நடைமேடையிலோ நின்று வண்டியைப் பார்ப்பவருக்கு அது எந்த வண்டி என்பது தெரிந்திராவிட்டாலும், மீஞ்சூருக்கோ பொன்னேரிக்கோ செல்வதற்குத் தடையில்லை. வேறுபாடு கும்மிடிப்பூண்டியில்தான் வெளிப்படும். அங்கே ஒரு பயணம் முடிகிறது, மற்றொன்று தொடர்கிறது.

நம் இலக்கணத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. பதிப்பி என்பதையும் அதன்பின் ஒரு கோவையையும் கடந்தபின் கிடைக்கும் கணம்:

கூற்று → பதிப்பி கோவை •
கோவை → கோவை • + உறுப்பு

முதல் உருப்படியில் புள்ளி இறுதிக்கு வந்துவிட்டது. விதி நிறைவுற்றதால் அதனைச் சுருக்கி, கூற்று என்ற ஒரே குறியாக மாற்றலாம். இரண்டாவது உருப்படியோ கூட்டல் குறியை எதிர்பார்க்கிறது. அதன்படி மேலே நகர வேண்டும். அடுத்த குறியைப் பாராமல் முடிவெடுக்கும் எல்ஆர்(0) முறைக்கு இது முரண். அடுத்த குறியை ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தால் சிக்கல் தீரும்: ஒரு கூற்றை அடுத்து வரக்கூடியவை "முடி" என்பதும் உள்ளீட்டின் முடிவும் மட்டுமே, கூட்டல் குறி வர இயலாது. எனவே கூட்டல் குறி வந்தால் நகர்த்தல், அல்லாவிடில் சுருக்கல்.

முன்னோக்குக் குறியுடன் அடைவு

எல்ஆர்(1) முறையில் ஒவ்வோர் உருப்படியோடும் ஒரு முன்னோக்குக் குறி இணைந்திருக்கும். அவ்விதி நிறைவுறும்போது அடுத்து அக்குறி வந்தால் மட்டுமே சுருக்கலாம் என்பது அதன் பொருள். இங்கு அடைவு சற்றுக் கடினமாகிறது. புள்ளிக்கு அடுத்துள்ள இடைக்குறியை விரிக்கும்போது, அவ்விடைக்குறிக்குப் பின் எஞ்சியுள்ள பகுதி எந்த இறுதிக்குறியில் தொடங்கலாம் என்று காண வேண்டும். அவையே புதிய உருப்படிகளின் முன்னோக்குக் குறிகள். எஞ்சிய பகுதி இல்லையெனில், அல்லது அது வெறுமையாகக்கூடியதெனில், மூல உருப்படியின் முன்னோக்குக் குறியும் சேரும்.

உள்ளீட்டின் முடிவை $ எனக் குறித்து, நிலை 0 ஐ மீண்டும் கணிப்போம். தொடக்க உருப்படிக்கு முன்னோக்குக் குறி $. கூற்றின் மூன்று விதிகளும் அதனையே பெறும். முதல் விதியில் கோவையை அடுத்து "ஆனால்" நிற்பதால் கோவையின் விதிகள் "ஆனால்" என்ற முன்னோக்குக் குறியைப் பெறும். இரண்டாம் விதியால் "வரை" என்பதும் சேரும். இதோடு முடியவில்லை. சேர்ந்த நான்காம் விதியிலேயே கோவைக்குப் பின் கூட்டல் குறி உள்ளது. ஆகவே கோவையின் விதிகள் கூட்டல் குறியையும் பெறும். இம்மூன்றும் ஐந்தாம் விதி வழியாக உறுப்பின் விதிகளுக்கும் இறங்கும். எட்டாக இருந்தவை பதினாறாகின்றன.

மாணவர் எழுதும் பாகுபடுத்தி உருவாக்கிகளில் பிழை நுழையும் இடம் பெரும்பாலும் இதுவே. எல்ஆர்(0) அடைவில் "கோவை ஏற்கனவே விரிக்கப்பட்டது" என்ற குறிப்பு ஒன்றே போதுமானது. எல்ஆர்(1) இல் அதே குறிப்பைப் பயன்படுத்தினால், "ஆனால்" என்ற குறியுடன் கோவையை விரித்தபின் "வரை", கூட்டல் ஆகியவற்றுக்காக அது மீண்டும் விரிக்கப்படாது. நிரல் எந்தப் புகாரும் கூறாமல் அட்டவணையை ஆக்கிவிடும். ஆனால் நிபந்தனைகளை ஏற்கும் அந்தப் பாகுபடுத்தி, சரியாக எழுதப்பட்ட சுழற்சியைப் பிழையென்று தள்ளிவிடும். குறித்துவைக்க வேண்டியது இடைக்குறியை மட்டுமன்று, இடைக்குறியும் முன்னோக்குக் குறியும் சேர்ந்த இணையை. புதிய முன்னோக்குக் குறி எது சேர்ந்தாலும் அந்த உருப்படி மீண்டும் பணிப்பட்டியலுக்கு வர வேண்டும்.

இம்முறையின் விலை நிலைகளின் பெருக்கம். எல்ஆர்(0) இல் "உறுப்பு → எண் •" என்ற உருப்படிக்கு ஒரே நிலைதான் உள்ளது. எல்ஆர்(1) இல் அது நான்காகப் பிரியும்: நிபந்தனைக் கோவையில் வரும் எண், வெளியே பதிப்பிக்கப்படும் எண், ஆனால்–முடிக்கு உள்ளே பதிப்பிக்கப்படும் எண், அடைப்புக்குறிக்குள் வரும் எண் ஆகியவற்றின் முன்னோக்குக் கணங்கள் வெவ்வேறானவை. புள்ளியிட்ட விதிகள் ஒன்றாக இருந்து முன்னோக்குக் குறிகள் மட்டும் வேறுபடும் நிலைகளை இணைத்துவிடுவது எல்ஏஎல்ஆர் முறை. பாஸ்கல் போன்ற மொழிக்கு எல்ஏஎல்ஆர் முறையில் சில நூறு நிலைகள் போதும். முழு எல்ஆர்(1) முறையில் அவை பல ஆயிரமாகும். கணினி நினைவகம் அருமையாக இருந்த 1970களில் இந்த வேறுபாடே எம்முறை நடைமுறைக்கு வரும் என்பதை முடிவு செய்தது.

விரைவாகக் கணித்தல்

எல்ஆர்(0) அடைவை ஒவ்வொரு நிலைக்கும் புதிதாகத் தேடவேண்டியதில்லை. கோவையை விரிக்கும்போது எந்த விதிகள் உள்ளே வரும் என்பது இலக்கணத்தை மட்டுமே பொறுத்தது; எந்த நிலையில் விரிக்கிறோம் என்பதைப் பொறுத்ததன்று. நம் இலக்கணத்தில் கூற்று (1) முதல் (7) வரையிலான விதிகளையும், கோவை (4) முதல் (7) வரையிலானவற்றையும், உறுப்பு (6), (7) ஆகியவற்றையும் கொண்டுவரும். இதனை ஒருமுறை கணித்து, ஒவ்வோர் இடைக்குறிக்கும் ஒரு பிட் வரிசையாகச் சேமித்துவைத்தால், அடைவு என்பது சில பிட் வரிசைகளை ஒன்றுசேர்க்கும் வேலையாகச் சுருங்கிவிடும். பைசன் இவ்வழியையே பின்பற்றுகிறது. எந்த இடைக்குறி எதன் தொடக்கத்தில் வரக்கூடும் என்ற உறவை முழுமையாக்க, ஸ்டீபன் வார்ஷல் 1962 இல் வெளியிட்ட வழிமுறை பயன்படுகிறது.

மற்றொரு சிக்கனம், நிலைகளைக் கருவை மட்டும் கொண்டு சேமிப்பது. அடைவில் சேர்ந்தவற்றைக் கருவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீட்டெடுக்கலாம். இரு நிலைகள் ஒன்றா என்று ஒப்பிடவும் கருவே போதும்.

வரலாறு

எல்ஆர் பாகுபடுத்தலை டொனால்ட் குனூத் 1965 இல் வெளியிட்ட கட்டுரை தொடங்கிவைத்தது. புள்ளியின் இடத்தையும் முன்னோக்குக் குறியையும் கொண்ட உருப்படிகளின் கணமே நிலை என்ற கருத்து அதிலேயே உள்ளது. மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் 1959 இல் தீர்மானமற்ற முடிவுறு தன்னியக்கியைத் தீர்மானமுள்ளதாக மாற்றக் காட்டிய வழியோடு இது நெருங்கிய உறவுடையது. எந்தக் குறியையும் படிக்காமலே சென்றடையக்கூடிய நிலைகளைச் சேர்ப்பது அங்கும் அடைவு என்றே அழைக்கப்படுகிறது. எழுத்துக்குப் பதில் இங்கே இலக்கண விதி. குனூத்தின் முறை அக்காலக் கணினிகளுக்கு மிகப் பெரிய அட்டவணைகளைத் தந்ததால், பிராங்க் டிரெமர் 1969 இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த எல்ஏஎல்ஆர் முறையே வழக்குக்கு வந்தது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய யாக் அதனைப் பரப்பியது. 1985 இல் ராபர்ட் கார்பெட் எழுதிய பைசன் பின்னர் குனூ திட்டத்தின் பகுதியாயிற்று. 2011 இல் வந்த அதன் 2.5 பதிப்பு முதல் முழு எல்ஆர்(1) அட்டவணைகளையும் அதில் கேட்டுப் பெறலாம்.

இந்திய மாணவர் பலருக்கு இக்கணிப்பு அறிமுகமாவது, ஆல்பிரட் ஏகோ, ரவி சேத்தி, ஜெப்ரி உல்மன் ஆகியோர் 1986 இல் வெளியிட்ட தொகுப்பிகள் பற்றிய பாடநூல் வழியாகும். அட்டைப்படத்தைக் கொண்டு அது டிராகன் புத்தகம் எனப்படுகிறது. சேத்தி கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். தேர்வுக்காக அந்நூலைப் படிப்போர் பெரும்பாலும் நிலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். அடைவு ஏன் வேண்டும் என்ற கேள்வி தேர்வுத்தாளில் அரிதாகவே வருகிறது.

இன்றைய பயன்பாடு

குனூ சி++ தொகுப்பி 2004 இலும், சி தொகுப்பி 2006 இலும் பைசனைக் கைவிட்டுக் கையால் எழுதிய பாகுபடுத்திகளுக்கு மாறின. பிழைச்செய்திகளை நிரலருக்குப் புரியும் வண்ணம் தருவது கையால் எழுதியவற்றில் எளிது என்பது இத்தகைய மாற்றங்களுக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. போசுட்கிரெசு தரவுத்தளமோ தன் விரிவான வினவல் மொழிக்குப் பைசனையே பயன்படுத்துகிறது. இலக்கணத்தில் ஒரு விதியைச் சேர்த்தவுடன் அது பழைய விதிகளோடு முரண்படுகிறதா என்பதைக் கணித்துச் சொல்லும் வசதி உருவாக்கிகளின் தனிப்பலம். கையால் எழுதிய பாகுபடுத்தியில் அத்தகைய முரண் எச்சரிக்கையின்றி உள்ளே தங்கிவிடும். இரு விதிகளுள் நிரலில் முதலில் எழுதப்பட்டது வென்றுவிடும்.

மேற்கண்ட இலக்கணத்தோடு "கூற்று → கோவை" என்ற விதியைச் சேர்த்து, வெறுங்கோவையும் கூற்றாகலாம் என்று வைத்தால், கோவையைக் கடந்த நிலையில் மூன்று உருப்படிகள் நான்காகும். அவற்றுள் ஒன்று நிறைவுற்றதாக இருக்கும். எல்ஆர்(0) முறையில் அது முரண். ஒரு குறியை முன்னோக்கினால் முரண் இல்லை. கூற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையே பிரிப்புக்குறி ஏதுமின்றி வரலாம் என்றும் அனுமதித்து, கோவையின் முன் ஒற்றைக் கூட்டல் குறி வரலாம் என்ற விதியையும் சேர்த்தால் நிலைமை மாறும். கூட்டல் குறி வரும்போது முந்தைய கோவை தொடர்கிறதா, அது முடிந்து புதிய கூற்று தொடங்குகிறதா என்பதை ஒரு குறியைக் கொண்டு அறிய முடியாது. பைசன் அந்நிலையின் எண்ணையும் அதிலுள்ள உருப்படிகளையும் அறிக்கையில் புள்ளியோடு அச்சிட்டுக் காட்டும்.